ஆர்டர் நின்ற நாட்களில் மனச்சோர்வு: சேலத்துப் பட்டறை, தறிக்கூடம், எஸ்டேட் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நூல் விலை ஏறித் தறி பாதிதான் ஓடுகிறது. வெள்ளி விலை எகிறிக் கொலுசு ஆர்டர் படுத்துவிட்டது. மேலே ஏற்காட்டில், காப்பிச் செடி பூக்க வேண்டிய நேரத்து மழையான பூ மழை தவறிக் காய்ப்பு குறைந்துவிட்டது. இப்படி ஒரு நெருக்கடி வந்தால் முதலில் கணக்குப் புத்தகத்தைத்தான் பார்க்கிறோம், ஆட்களைக் கடைசியில். சேலம் வட்டாரத்தில் பத்துப் பேரோ இருநூறு பேரோ வைத்து வேலை நடத்துபவர்கள், மேஸ்திரிகள், சூப்பர்வைசர்கள், எச்.ஆர். பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். நோயா இல்லையா என்று முடிவு செய்வது டாக்டர் பொறுப்பு. கவனிப்பது, கேட்பது, கூட்டிப்போவது, திரும்பி வரும்வரை வேலையை வைத்திருப்பது ஆகிய நான்கும் உங்கள் பொறுப்பு.

இப்போது எல்லாருமே சோர்ந்துதான் இருக்கிறார்கள். இதில் நோய் யாருக்கு என்று எப்படித் தெரியும்?

ஆர்டர் ரத்தான வாரம் யாருக்கும் சோறு இறங்காது. அது நோய் இல்லை. மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு இரண்டு வாரம். ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடக்க வேண்டும், அல்லது முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போயிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம். இவற்றோடு தூக்கக் கேடு, பசியோ எடையோ மாறுவது, உடம்பில் தெம்பில்லாமை, கவனச் சிதறல், பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவிப்பது, தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வது, சாவு பற்றிய நினைப்பு என ஒன்பது அறிகுறிகள். அவற்றில் ஐந்தாவது சேர்ந்து வந்து, வேலையும் வீடும் பாதிக்கப்பட்டால் மனச்சோர்வு நோய் என்பார்கள்.

நீங்கள் ஒன்பதையும் எண்ண வேண்டியதில்லை. நல்ல சேதி வரும் நாளில் முகங்களைப் பாருங்கள். நிலுவைக் கூலி பட்டுவாடா ஆன சனிக்கிழமை, மற்றவர்கள் டீக்கடையில் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நோயில் இருப்பவருக்கு அந்தப் பணம் கைக்கு வந்தும் எதுவும் மாறியிருக்காது. ஒப்பிடும்போது பக்கத்துத் தறிக்காரரோடு ஒப்பிடாமல், ஆறு மாதத்துக்கு முன் அவரே எப்படி இருந்தார் என்று ஒப்பிடுங்கள். இயல்பிலேயே பேசாதவர் பேசாமல் இருப்பதில் செய்தி இல்லை.

வேலையிடத்தில் அது என்னவாக வெளிப்படும்?

பெரும்பாலும் அழுகையாக வெளிப்படாது, வேலைத் தவறாகத்தான் வெளிப்படும். தறியில் இழை அறுந்த பிறகும் ஓட விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். துணியில் டேமேஜ் கூடும். ஜவ்வரிசி ஆலையில் வறுக்கும் இடத்தில் கைப்பக்குவம் தவறும். எஸ்டேட்டில் பழம் பறிக்கும் அக்கா வரிசையில் பின்தங்குவார். எடை குறையும், பழத்தோடு பச்சைக் காயும் சேர்ந்து வரும். ஆபீஸில் சின்ன பில்லுக்குக்கூட இரண்டு நாள் ஆகும்.

கொலுசுப் பட்டறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கவனம் சிதறினால் பற்றவைப்பு சரியாக விழாது. திரும்பத் திரும்பச் செய்வதில் சேதாரம் கூடும். கொடுத்த வெள்ளிக்கும் வந்த கொலுசுக்கும் எடைக் கணக்கு இடிக்கும். உடனே முதலாளி மனதில் வருவது திருட்டுச் சந்தேகம். பல வருஷமாகக் கணக்குத் தவறாத ஒருவரிடம் மூன்று வாரமாக மட்டும் எடை இடித்தால், கேள்வி கேட்கும் முன் எத்தனை உருப்படி திரும்ப வேலைக்கு வந்தது என்று பாருங்கள். கூட்டிய தூளையும் நிறுத்துப் பாருங்கள். ஏற்கெனவே ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்று உள்ளே சொல்லிக்கொண்டிருப்பவர் மீது திருட்டுப் பட்டம் விழுந்தால் நிலைமை கைமீறிப் போகும்.

வேலைக்கு வெளியேயும் பார்க்கலாம். போனை எடுக்கமாட்டார். சீட்டுக்குப் பணம் கட்ட மறப்பார். ஒருநாளும் தவறாமல் மொய் வைக்கப் போனவர் சொந்த அக்கா வீட்டு விசேஷத்துக்கே போகாமல் இருப்பார். ஆண்களிடம் இது பல நேரம் எரிச்சலாகவும் சண்டையாகவும் வருவதால், ‘திமிர் பிடிச்சுப் போச்சு’ என்று மேஸ்திரி முடிவு கட்டிவிடுகிறார்.

உடம்பு வலி என்றுதான் சொல்கிறார். மனசைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லையே?

நம் ஊரில் மனச்சோர்வு முதலில் உடம்பு வழியாகத்தான் பேசும். ‘தலை கனமா இருக்குதுங்க’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘கை கால் அசதி’ என்று வரும். நடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள், வலி உண்மையானது. அதே நேரம் ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை போன்றவையும் இதே அசதியைத் தரும். அதனால் பொது மருத்துவரிடம் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அசதி போகவில்லை என்றால் மனநலப் பக்கம் பார்ப்பது அவருக்கும் ஏற்கக் கூடியதாக இருக்கும். குழந்தை பெற்று வேலைக்குத் திரும்பிய பெண்களிடம் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது சகஜம், அதைத் தூக்கமின்மை என்று தள்ளிவிடுகிறார்கள்.

குடி அதிகமாகிவிட்டது. அதுதானே காரணம்?

எது முதல், எது பின் என்று நீங்கள் தீர்க்க வேண்டாம். தூக்கத்துக்காகக் குடிப்பார், குடித்த தூக்கம் நடுராத்திரியில் கலையும், மறுநாள் மனம் இன்னும் கீழே போகும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. தினமும் நிறையக் குடிப்பவரை ‘நாளையிலிருந்து நிறுத்து’ என்று மிரட்டுவது ஆபத்து. திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். போதையில் வந்தவரை மெஷினுக்கு அனுப்பாதீர்கள், அதில் இரக்கத்துக்கு இடமில்லை.

பேச்சை எப்படித் தொடங்குவது?

தறிச் சத்தத்தில் பேச முடியாது, டீக்கடையில் பேசக் கூடாது. ஷிப்ட் முடிவதற்கு அரை மணி முன்பு, கூலி பிடிக்காமல், கதவுள்ள ஓர் அறையில் உட்கார வையுங்கள். நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் அது விசாரணை. பெண் தொழிலாளி என்றால் அவர் நம்பும் இன்னொரு பெண் பேசுவது நல்லது. முன்பணம் கொடுத்தவரே பேசுவதைவிட, கடன் கணக்கில் சம்பந்தமில்லாத மூத்தவர் பேசினால் வாய் திறக்கும்.

முதலில் நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். ‘அண்ணா, மூணு வாரமா மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமயே கொண்டு போறீங்க. உடம்புக்கு என்னங்கண்ணா?’ என்பது போதும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அரை நிமிஷம் பதில் வராது, அந்த மௌனத்தை நிரப்பத்தான் எல்லாரும் அறிவுரையில் இறங்கிவிடுகிறார்கள். காத்திருங்கள். அடுத்து தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். தூக்கம் பற்றிப் பேச யாருக்கும் கூச்சமில்லை, அங்கிருந்து மற்றது தானாக வரும். ‘ஒண்ணுமில்லீங்க’ என்றால் வற்புறுத்த வேண்டாம். ‘சரிண்ணா, வர்ற வியாழக்கிழமை மறுபடி கேக்குறேன்’ என்று நாளைச் சொல்லி, அந்த வியாழக்கிழமை கட்டாயம் கேளுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போதுதான் பலர் சொல்கிறார்கள்.

‘இந்தப் பேச்சால் உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது’ என்பதை அவர் கேட்காமலே சொல்லுங்கள். ஆள்குறைப்புப் பேச்சு ஓடும் நேரத்தில் இதைச் சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்லியும் பயனில்லை. அதைச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், அதிகாரம் உள்ளவரிடம் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள்.

‘உனக்கு என்ன குறை’, ‘எனக்கு இல்லாத கஷ்டமா’, ‘புள்ளைங்க முகத்தைப் பாத்து தைரியமா இரு’ ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மூன்றாவது நல்ல எண்ணத்தில் வருவதுதான், ஆனால் பிள்ளைகளுக்கே பாரமாகிவிட்டோம் என்று நினைப்பவர் காதில் அது வேறு மாதிரி விழும்.

‘சாகத் தோணுதா’ என்று கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடாதா?

ஆகாது. நேராகக் கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே இருந்தால், சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. சுற்றி வளைக்காமல், குரலைத் தாழ்த்தி, ‘இவ்வளவு கஷ்டத்துல, செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுச்சுங்களா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா, இதற்கு முன் முயன்றதுண்டா என்று கேளுங்கள். வழியும் நேரமும் யோசித்திருந்தால் அல்லது முன்பு முயன்றிருந்தால் அது அவசரம். அந்த நிமிஷத்திலிருந்து அவரைத் தனியாக விடாதீர்கள், கழிவறைக்குப் போனாலும் ஒருவர் வாசலில் நிற்கட்டும். வீட்டாரை வரவழையுங்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது இருவர் துணையோடு காரில் சேலம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துப் போக வேண்டாம். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்ற வாக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ‘உங்களைக் காப்பாத்தத் தேவையான ரெண்டு பேருகிட்ட மட்டும் சொல்லுவேன்’ என்பதே நேர்மை.

எண்ணம் இருக்கிறது, திட்டம் இல்லை என்றால் அன்றோ மறுநாளோ டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அன்றிரவு வீட்டில் யார் கூட இருக்கிறார் என்று பெயரோடு தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

பல வாரம் இருண்டு கிடந்தவர் ஒரே நாளில் அமைதியாகி, கடனை எல்லாம் தீர்த்து, கருவிகளை அடுத்தவருக்குக் கொடுத்து, ‘புள்ளைங்களப் பாத்துக்கங்கண்ணா’ என்றால், தேறிவிட்டார் என்று நிம்மதி அடையாதீர்கள். அன்றைக்கே கேளுங்கள்.

இன்னொன்று, நெருக்கடி தொடங்கும்போதே செய்ய வேண்டியது. பட்டறை ரசாயனங்கள், எஸ்டேட் பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் இரட்டைப் பூட்டில் வையுங்கள். இரண்டு சாவியும் இரண்டு ஆளிடம் இருக்க வேண்டும். அன்றைய வேலைக்கு வேண்டியதை அளந்து கொடுத்து, மிச்சத்தையும் காலி டப்பாவையும் சாயங்காலம் எண்ணி வாங்கிப் பதிவேட்டில் எழுதுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் உந்துதல் பல நேரம் சில நிமிஷமோ சில மணி நேரமோதான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை என்பதே பல உயிர்களைக் காப்பாற்றுகிறது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தில் தாமதிப்பதுதான் உயிரை வாங்குகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியில் பதிவு போடுவார்கள், அது வழக்கமான நடைமுறை. சிகிச்சை அதற்காக நிற்காது.

யாரிடம் காட்டுவது?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே புறநோயாளிச் சீட்டு வாங்கிவிட வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறது என்பதை அங்கேயே கேட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். போனில் பேச டெலி மானஸ் 14416 உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. பலர் இரண்டாம் முறை வராமல் போவதற்கு வெட்கத்தைவிட இதுதான் காரணம். அந்த நாளுக்குக் கூலியும் பஸ் காசும் கொடுங்கள், முதல் தடவை கூட ஒரு ஆளையும் அனுப்புங்கள். குடும்பம் முதலில் சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிவர நினைத்தால் தடுக்காதீர்கள். சாமியும் கும்பிடட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும்.

மாத்திரை எவ்வளவு நாள்? அடிமையாகிவிடுவாரா? மெஷினில் நிற்கலாமா?

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூஆக்ஸிடின் போன்றவைதான் வழக்கமாக முதலில் தருவது. இவை போதை மாத்திரை அல்ல. முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம் வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம். தொல்லை முதலில், பலன் பிறகு என்பதால்தான் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். முதல் நாளே இதைச் சொல்லிவைத்தால் பலர் தாக்குப்பிடிப்பார்கள். இளைஞர்களை முதல் சில வாரம் கூடுதலாகக் கவனியுங்கள், அந்த நேரத்தில் தவிப்பும் விபரீத எண்ணமும் கூடலாம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். தானாக நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரலாம், நோயும் திரும்பலாம். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் அதிக உற்சாகமாக, கண்டபடி செலவு செய்து திரிந்ததுண்டு என்றால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது இருதுருவ நோயாக இருந்தால் மருந்தே வேறு.

தூக்கத்துக்குச் சேர்த்துத் தரும் சில மாத்திரைகள் மந்தத்தைத் தரும். தறி, கட்டிங் மெஷின், கொதிகலன், லாரி, மலை ஜீப் என்றால் ‘இவர் இந்த வேலை பார்க்கிறார்’ என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லி, எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வேலையை எப்படி மாற்றிக் கொடுப்பது? பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு வேலையைக் குறைத்தால் கூலியும் குறையுமே?

குறையும், அதனால்தான் பல ‘சலுகைகள்’ தண்டனையாக முடிகின்றன. நைட் ஷிப்டை நிறுத்துவது முதல் வேலை. தூக்கம் சீராகாமல் மருந்து மட்டும் தூக்கிவிடாது. அடுத்து சுமை. நாலு தறி பார்ப்பவருக்கு ஆறு வாரத்துக்கு இரண்டு கொடுங்கள். கூலி இதற்குக் கீழே போகாது என்று தரைமட்டம் ஒன்று வையுங்கள். நோய் வருவதற்கு முந்தைய 12 வாரக் கூலியைக் கூட்டி 12-ஆல் வகுங்கள். உதாரணத்துக்கு வாரம் 3,600 ரூபாய் என்று வந்தால், அதில் முக்கால்வாசி 2,700. இரண்டு தறியில் 1,800 சம்பாதித்தால் மீதி 900-ஐ நீங்கள் போடுங்கள். ஆறு வாரத்துக்கு 5,400 ரூபாய். பழகிய ஆள் போய்ப் புது ஆள் பிடிக்க நீங்கள் கொடுக்கும் முன்பணத்தில் இது எந்த மூலைக்கு?

நீண்ட லீவில் இருந்து திரும்புபவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லாதீர்கள். புதன்கிழமை தொடங்கினால் முதல் வாரம் சின்னதாக முடியும். வேலையே கொடுக்காமல் ஓரமாக உட்கார வைப்பதும் தவறு. கைக்கு வேலை வேண்டும், தலைக்குப் பொறுப்பு குறைய வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசி, ஏற்றலாமா என்று அவரையே கேளுங்கள்.

முன்பணமும் குழுக் கடனும் கழுத்தை நெரிக்கிறது. முதலாளி என்ன செய்ய முடியும்?

உங்கள் முன்பணப் பிடித்தத்தை மூன்று மாதம் நிறுத்திவையுங்கள், எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லை அவர் மனம் நம்பாது. தறிக்கூட வாசலுக்கு வந்து வசூல்காரர் சத்தம் போடுவதை அனுமதிக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகளின்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைத்துத் தொல்லை தரக் கூடாது. தவணையைத் தள்ளிக் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுத ஆபீஸில் ஒருவர் உதவினால், அது பத்து ஆறுதல் வார்த்தைக்குச் சமம்.

லீவு, இஎஸ்ஐ, சட்டம்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவில் இருந்தால், மனநோய்க்கும் மற்ற நோய் போலவே சிகிச்சையும் மருத்துவ விடுப்புத் தொகையும் உண்டு. கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்குரிய பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நெருக்கடியில் சந்தாவைக் கட்டாமல் விட்டால் இங்கேதான் அடி விழும். எஸ்டேட்டுகளில் பெரும்பாலும் இஎஸ்ஐ இல்லாததால் விடுப்பை நிர்வாகமே பார்த்துக்கொள்ள வேண்டும். தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி உடல்நோய் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும்.

லீவுச் சீட்டில் ‘உடல்நலமின்மை’ என்று இருந்தால் போதும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள்.

ஆள் குறைத்தே ஆக வேண்டிய நிலை. எப்படிச் சொல்வது?

தெரியாமல் தவிப்பது கெட்ட சேதியைவிட மோசம். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், எல்லாரையும் நிற்க வைத்து நிலவரத்தைச் சொல்லுங்கள். புதிதாக ஒன்றுமில்லை என்றாலும் அதையே சொல்லுங்கள். ஒருவரை அனுப்புவதாக இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாதீர்கள். ஞாயிறு முழுக்கத் தனியாக இருப்பார், உதவி கேட்கவும் இடம் திறந்திருக்காது. வாரத் தொடக்கத்தில், காலையில், நேரில் சொல்லுங்கள். கணக்கு முடித்த பணத்தை அன்றே கையில் கொடுங்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவரை அந்தப் பட்டியலில் முதலில் எழுதும் பழக்கம் பல இடத்தில் உண்டு. சிக்கலைக் கைகழுவும் வழி அது, சட்டச் சிக்கலும் உண்டு. மனநோயால் வந்த குறைபாடும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குள் வரும்.

விபத்திலோ வேறு விதமாகவோ சக தொழிலாளி இறந்துவிட்டால்?

முதல் சில வாரம் அழுகையும் தூக்கமின்மையும் இயல்பு. எல்லாரையும் கூட்டி உட்கார வைத்து ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று ஒரே அமர்வில் கிளறுவது உதவாது, சிலருக்குக் கெடுதல். இறந்தவருடன் ஒரே ஷிப்டில் நின்றவர், முதலில் பார்த்தவர், அன்று அவரோடு சண்டை போட்டவர் ஆகியோரைத் தனித்தனியாக ஒரு மாதம் கவனியுங்கள். தற்கொலையாக இருந்தால் முறையையும் காரணத்தையும் அலசாதீர்கள்.

எல்லாருக்கும் கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்துவிடலாமா?

பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 27 மதிப்பெண், 10-ஓ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். ஆனால் அதை முதலாளி வாங்கித் திருத்தினால் ஒருவரும் உண்மையை எழுதமாட்டார்கள். தனக்குத்தானே போட்டுப் பார்க்கக் கொடுங்கள், தாளைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கு?

14416-இல் இந்தி உட்படப் பல மொழிகள் உண்டு. அறையில் தனியாகத் தங்குபவரைக் கூட்டுத் தங்குமிடத்துக்கு மாற்றுங்கள். ஊருக்குப் போகக் கேட்டால் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், ஆனால் நோய் தீவிரமாக இருப்பவரைத் தனியாக ரயில் ஏற்றாதீர்கள். ஊர்க்காரர் ஒருவர் கூடப் போகட்டும்.

முதலாளிக்கே இந்த நிலை என்றால்?

கடன் வாங்கித் தறி போட்டவருக்கும் அதே இரண்டு வாரக் கணக்குத்தான், அதே 14416-தான். கணக்கு வழக்குகளை இன்னொருவரிடம் தற்காலிகமாக ஒப்படையுங்கள். சிகிச்சை தொடங்கிச் சில வாரம் ஆகும்வரை தறியை விற்பது, பட்டறையை மூடுவது, வீட்டை அடமானம் வைப்பது போன்ற பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.